பிரேசிலில் நிறம், வரலாறு, நாட்டு அடையாளம்: நாம் சந்தித்தவர்கள் சொன்னவை

சாவோ பாலோவிலிருந்து, இழையைத் தொடங்கியவர்:

பிரேசிலில் வசிக்கும் நம்மவர்கள், அந்நாட்டு மக்களோடு நிறத்தைப் பற்றியும் வரலாற்றைப் பற்றியும் பேச நேர்ந்த தருணங்களை இங்கே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். பொதுக் கருத்துகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. யார், எந்தச் சூழலில், என்ன சொன்னார் என்பதே தேவை. என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக எங்கள் குடியிருப்புக்கு வந்த பெண் பணியாளர், பெயரையும் வயதையும் கேட்ட அதே குரலில், என்னுடைய நிறம் அல்லது இனம் எது என்று கேட்டு ஐந்து விடைகளை வாசித்தார்: வெள்ளை, கறுப்பு, மஞ்சள், பார்து, பழங்குடி. பார்து என்பது கலப்பு நிறத்தவருக்கான பிரிவு. மஞ்சள் என்பது ஜப்பான், சீனா, கொரியா ஆகிய நாடுகளின் வழிவந்தவர்களுக்கானது. இவற்றில் திருநெல்வேலிக்காரனுக்கு எது பொருந்தும் என்று தெரியாமல், அவரே பார்த்து எழுதிக்கொள்ளட்டும் என்றேன். அவர் உறுதியாக மறுத்தார். அதை நான்தான் சொல்ல வேண்டுமாம். பார்து என்றேன். எழுதி முடித்த பிறகு, தம்முடைய பிறப்புப் பதிவில் வெள்ளை என்றிருப்பதாகவும், 2010 கணக்கெடுப்பில் பார்து என்று சொன்னதாகவும், இம்முறை கறுப்பு என்று சொல்லியிருப்பதாகவும், ஒரே தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த தம்முடைய அண்ணன் இன்றும் வெள்ளை என்றே சொல்வதாகவும் அவர் சிரிக்காமல் கூறினார்.

பின்னர் வெளியான முடிவுகளைப் பார்த்தபோது அவர் தனியொருவர் அல்லர் என்பது விளங்கியது. 2010இல் 47.7 விழுக்காடாக இருந்த வெள்ளையர் 2022இல் 43.5 ஆகக் குறைந்தனர், பார்து 45.3 ஆக உயர்ந்து மிகப் பெரிய பிரிவாகியது, கறுப்பர் 7.6 விழுக்காட்டிலிருந்து 10.2க்குச் சென்றனர். பிறப்பு விகிதத்தை மட்டும் வைத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏற்பட்ட இம்மாற்றத்தை விளக்க முடியாது. தம்மை என்னவென்று அழைத்துக்கொள்வது என்பதில் மக்கள் மனம் மாறியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்நகரத்துப் பழைய கட்டடங்களில் குடியிருப்போருக்கு ஒரு லிஃப்டும், வேலையாட்களுக்கும் சுமைகளுக்கும் ஒரு லிஃப்டும் இருக்கும். லிஃப்ட் வாசலில், இனம், பால், நிறம், பிறப்பிடம், சமூக நிலை முதலியவற்றைக் காரணம் காட்டி எவரையும் தடுத்தால் அபராதம் விதிக்கப்படும் என்ற அறிவிப்புப் பலகை தொங்கும்; 1996ஆம் ஆண்டு நகரச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அப்பலகையின் அடியில் நின்றுகொண்டே, எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்த மருத்துவ நண்பர் ஒருவரை வாயிற்காவலர் வேலையாட்களின் லிஃப்டுக்கு அனுப்பினார். நண்பர் கறுப்பினத்தவர், காவலரும் அப்படியே. நான் கொதித்துப்போனேன். நண்பரோ, தமக்கு இது புதிதன்று என்றும், அந்தக் காவலரின் வேலைக்கு உலை வைத்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

ரியோ டி ஜெனிரோவிலிருந்து, வரலாற்று ஆய்வு மாணவி:

தொடங்கியவருக்கு நன்றி. நான் சற்று நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரியோவின் துறைமுகப் பகுதியில் வலோங்கோ என்ற பழைய படகுத்துறை இருக்கிறது. 1811 முதல் அங்கே இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் ஒன்பது லட்சம் பேர் என்று மதிப்பிடப்படுகிறது. 1843இல், பேரரசரை மணக்க வந்த இத்தாலிய இளவரசியை வரவேற்பதற்காக அதன் மேலேயே அழகிய புதிய துறை ஒன்றைக் கட்டி மூடிவிட்டார்கள். துறைமுகச் சீரமைப்புக்காக 2011இல் தோண்டியபோது பழைய கற்கள் வெளிப்பட்டன. 2017இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அங்கே நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தாமாக வந்து பேச்சுக் கொடுத்தார். கறுப்பினத்தவர், எழுபது வயதைக் கடந்தவர்.

தம்முடைய சிறுவயதில் மே 13 வந்தால் பள்ளியில் இளவரசி இசபெல்லைப் போற்றிப் பாட வைப்பார்கள் என்றார் அவர். 1888இல் அந்நாளில்தான், அந்தப் பேரரசரின் மகளான இசபெல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். அமெரிக்கக் கண்டங்களில் கடைசியாக அதை ஒழித்த நாடு பிரேசில். அடிமைகளாக அங்கே கொண்டுவரப்பட்டோர் ஏறத்தாழ 48 லட்சம் பேர். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிலப்பகுதிக்கு நேராகக் கொண்டுசெல்லப்பட்டோர் நான்கு லட்சத்துக்கும் குறைவு. விடுதலை பெற்றவர்களுக்கு நிலமோ நட்ட ஈடோ கிடைக்கவில்லை. அதே ஆண்டுகளில் சாவோ பாலோவின் காபித் தோட்டங்களுக்கு இத்தாலியர்களை அரசு தன் செலவில் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. 1890ஆம் ஆண்டின் ஓர் ஆணை, ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வருவோர் நாடாளுமன்றத்தின் அனுமதியின்றி நுழையக் கூடாது என்றது. (அன்றைக்கு நாம் யாரும் இங்கே கால் வைத்திருக்க முடியாது.) குடியேற்றத்தாலும் கலப்பாலும் நாடு சில தலைமுறைகளில் வெள்ளையாகிவிடும் என்பது அக்காலத்து அறிஞர்கள் பலரின் நம்பிக்கை. ரியோவின் தேசிய அருங்காட்சியக இயக்குநராக இருந்த ஜுவாவ் பாட்டிஸ்டா டி லசெர்டா, 1911இல் லண்டனில் நடந்த இனங்கள் மாநாட்டில், ஒரு நூற்றாண்டுக்குள் கறுப்பர்கள் மறைந்துவிடுவார்கள் என்று அதிகாரப்பூர்வப் பிரதிநிதியாகவே பேசினார். ஆசிரியை இதைச் சொல்லிவிட்டு, கெடு முடிந்து பல ஆண்டுகள் ஆகியும் தாம் இன்னும் போகவில்லை என்றார்.

அவரை உண்மையில் வாட்டியது வேறு. அவருடன் பணியாற்றிய இத்தாலிய வழி ஆசிரியைக்குத் தாத்தா வந்த கப்பலின் பெயர் தெரியும், விட்டுவந்த கிராமத்தின் பெயர் தெரியும். அந்த ஆவணங்களை வைத்து இத்தாலியக் குடியுரிமையும் பெற்றுவிட்டார். இவரால் கொள்ளுப்பாட்டியின் ஞானஸ்நானப் பெயருக்கு அப்பால் செல்ல முடியவில்லை. 1890 டிசம்பரில் நிதியமைச்சர் ரூயி பார்போசா, அடிமை முறை தொடர்பான அரசு ஆவணங்களை எரிக்க ஆணையிட்டார். முன்னாள் உரிமையாளர்கள் நட்ட ஈடு கேட்டு வழக்காடாமல் தடுப்பதற்காகவே அது செய்யப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் விளக்குகின்றனர். தேவாலயப் பதிவேடுகளும் விற்பனைப் பத்திரங்களும் பெரிய அளவில் தப்பின என்பதும் உண்மைதான். நான் அவற்றில்தான் வேலை செய்கிறேன். ஆனால் அந்த ஏடுகளில் ஆட்களுக்கு எழுதியிருப்பது பெரும்பாலும் ஏறிவந்த துறைமுகத்தின் பெயர். பிறந்த ஊரின் பெயர் அரிது.

சால்வடோரிலிருந்து, கப்பல் நிறுவனப் பணியாளர்:

இங்கே நான் இந்தியன் என்று சொன்னால், காந்தியைப் பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. 1949இல் இத்துறைமுகத்துச் சுமைதூக்கும் தொழிலாளர்கள், அதற்கு முந்தைய ஆண்டில் கொல்லப்பட்ட காந்தியின் பெயரால் ‘காந்தியின் மைந்தர்கள்’ என்ற திருவிழாக் குழுவைத் தொடங்கினார்கள். கார்னிவல் நாட்களில் ஆயிரக்கணக்கான ஆண்கள் வெள்ளை ஆடை, வெள்ளைத் தலைப்பாகை, நீலமும் வெள்ளையும் கலந்த மணிமாலை அணிந்து தெருவை நிறைத்துச் செல்வார்கள். பாட்டும் தாளமும் காந்தோம்ப்ளே வழிபாட்டிலிருந்து வந்தவை. மேற்கு ஆப்பிரிக்கத் தெய்வங்களை வணங்கும் நெறி அது.

அக்குழுவில் நெடுங்காலம் நடந்த முதியவர் ஒருவரிடம், ஏன் காந்தி என்று கேட்டேன். வேலைநிறுத்தங்களை அரசு சந்தேகத்தோடு பார்த்த காலம் அது என்றும், அமைதியின் பெயரைச் சுமந்து போகிறவர்களைக் காவல்துறை அடிக்கத் தயங்கும் என்று மூத்தவர்கள் கணக்குப் போட்டார்கள் என்றும் சொன்னார். வெள்ளை, அவர்களுடைய ஒஷாலா தெய்வத்தின் நிறமும்கூட. இந்த மாநிலத்தில் காந்தோம்ப்ளே ஆலயங்கள் 1976 வரை காவல்துறையிடம் பதிவு செய்துகொண்டே விழா நடத்த வேண்டியிருந்தது என்பதை அறிந்த பிறகுதான் அந்தக் கணக்கின் நுட்பம் எனக்குப் புரிந்தது.

அவருடைய மகளோ, 1974இல் லிபர்தாஜி பகுதியில் தொடங்கப்பட்ட இலே ஐயே குழுவைச் சேர்ந்தவர். கறுப்பர்கள் மட்டுமே அணிவகுக்கும் குழு அது. முதல்முறை தெருவுக்கு வந்தபோது உள்ளூர் நாளிதழ் ஒன்று அதை இனவெறிக் குழு என்று எழுதியது. வெள்ளையர் சங்கங்கள் கறுப்பர்களை நெடுங்காலம் வெளியே நிறுத்தியபோது அப்பத்திரிகைக்கு அந்தச் சொல் நினைவுக்கு வரவில்லை என்பது மகளின் வாதம். எல்லோரும் கலந்தவர்கள்தாமே, எதற்கு இந்தப் பிரிவு என்று அப்பா கேட்க, கலந்தது உண்மை, ஆனால் யார் வீட்டுச் சமையலறையில் கலந்தது என்று சொல்லுங்கள் என்று மகள் கேட்டார். நான் காபியைக் குடித்து முடித்துவிட்டு விடைபெற்றேன்.

சாவோ பாலோவிலிருந்து, வங்கி ஊழியர்:

என் மேலாளரின் பாட்டனார் ஜப்பானிலிருந்து வந்தவர். 1908இல் கசாத்தோ மாரு கப்பல் சாந்தோஸ் துறைமுகத்தை அடைந்ததிலிருந்து தொடங்கும் குடியேற்றம் அது. மூன்றாம் தலைமுறை ஆகியும் தெருவில் அவரை ‘ஜப்பான்காரரே’ என்றுதான் அழைக்கிறார்கள். ஜப்பான் 1990இல் தன் வழித்தோன்றல்களுக்கு வேலை செய்யும் உரிமையைத் திறந்துவிட்டபோது அவரும் போய்க் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே அவர் பெயர் ‘பிரேசில்காரர்’. திரும்பி வந்தவர் இன்று என்னிடம் இதைச் சொல்லிச் சிரிக்கிறார், கசப்பு இல்லை.

அவர்தான் என்னை இந்நகரத்தின் லிபர்தாஜி பகுதிக்கு அழைத்துச் சென்றார். சிவப்புத் தோரண வாயிலும் விளக்குகளுமாக ஜப்பானியப் பேட்டை என்று எல்லோரும் அறிந்த இடம். அதற்கு முன்பு அங்கே தூக்குமேடையும், அடிமைகளையும் தூக்கிலிடப்பட்டவர்களையும் புதைத்த கல்லறைத் தோட்டமும் இருந்தன. அக்கல்லறைத் தோட்டத்தில் எஞ்சி நிற்பது துயருற்றோர் மாதாவின் சிறு தேவாலயம் மட்டுமே. 2018இல் மெட்ரோ நிலையத்தின் பெயரோடு ஜப்பானையும் சேர்த்தார்கள். அதே ஆண்டில் அத்தேவாலயத்தின் அருகில் கட்டடப் பணிக்காகத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் கிடைத்தன. பெயர் மாற்றத்தை எதிர்த்த கறுப்பின அமைப்புகளின் பக்கமே நியாயம் இருப்பதாக என் மேலாளர் சொன்னார். அவருடைய அத்தை அதை ஒப்பவில்லை.

சாந்தா கத்தரீனாவிலிருந்து:

மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். எங்கள் ஊரில் ஜெர்மன் வழியினர் அதிகம். அடிமைகளை வைத்திருந்தவர்கள் யாரோ, அதற்குத் தாங்கள் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்று என் வீட்டு உரிமையாளர் கேட்கிறார். அதிபர் வர்காஸின் ஆட்சியில், 1930களின் இறுதியிலும் 1940களின் தொடக்கத்திலும், ஜெர்மன் பள்ளிகளை மூடியதும் பொது இடத்தில் அம்மொழியைப் பேசத் தடை விதித்ததும் அவருக்குத் தந்தையார் வழியே கேட்ட கதைகள். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அவருடைய முன்னோர்க்கு நிலம் ஒதுக்கப்பட்டது என்பதையும், அந்த நிலத்தில் முன்பு ஷோக்லெங் பழங்குடியினர் வாழ்ந்தார்கள் என்பதையும் அவர் கதையில் நான் இதுவரை கேட்டதில்லை.

சாவோ பாலோவிலிருந்து, தொடங்கியவர்:

அனைவருக்கும் நன்றி. ஒரு நடைமுறைக் கேள்வி: இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பார்து என்று எழுதிப் பல்கலைக்கழக ஒதுக்கீட்டில் சேரலாம் என்று ஒரு தமிழ்க் குடும்பத்தார் என்னிடம் சொன்னார்கள். உண்மையா?

ரியோ டி ஜெனிரோவிலிருந்து, வரலாற்று ஆய்வு மாணவி:

அண்ணா, அவர்களுக்கு அப்படி எதுவும் கிடைக்காது என்றே நினைக்கிறேன். 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்தியப் பல்கலைக்கழக இடங்களில் பாதி, மேல்நிலைக் கல்வி முழுவதையும் பொதுப் பள்ளியில் முடித்தவர்களுக்கு உரியது. அந்தப் பாதிக்குள்தான் வருமானமும், மாநில மக்கள்தொகை விகிதப்படி கறுப்பர், பார்து, பழங்குடியினர் என்ற பிரிவுகளும் வருகின்றன. நம்மவர் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் பள்ளியில் படிப்பதால் முதல் படியிலேயே விலகிவிடுவார்கள். அதையும் தாண்டினால், பல பல்கலைக்கழகங்களில் சரிபார்ப்புக் குழு நேரில் பார்க்கும். அத்தகைய குழுவில் இருக்கும் பேராசிரியை ஒருவரிடம் பேசியிருக்கிறேன். பாட்டியின் புகைப்படத்தோடு வருபவர்கள் உண்டாம். எதிரில் நிற்பவரின் தோற்றத்தை மட்டுமே பார்ப்போம், தெருவில் காவலர் பாட்டியைப் பார்த்தா நிறுத்துகிறார் என்று அவர் கேட்டார். தென்னிந்தியக் கறுப்பு நிறம் அவர்களுக்கு ஒரு சிக்கலாகவே இருக்கும். ஆனால் கப்பலில் கட்டிக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்காகப் போராடிப் பெற்ற இடத்தில், வேலை விசாவில் வந்த நம் பிள்ளைகள் போய் நிற்பது முறையன்று என்பது என் கருத்து. அந்தக் குடும்பத்தாரிடம் நீங்கள் சொல்லுங்கள்; நான் சொன்னால் கேட்க மாட்டார்கள்.