பிடரி நரம்புக் கருவி: வலப்பக்கக் குறுகுறுப்பு கழுத்துக்கு இறங்கிவிட்டது, உதவி தேவை

கயல்:
வணக்கம். எனக்கு நாள்பட்ட ஒற்றைத் தலைவலி. புரோபிரனலால், டோபிரமேட் மாத்திரைகள், போடாக்ஸ் ஊசி எதுவும் கைகொடுக்கவில்லை. போன வருடம் பிடரியில் இரு பக்கமும் தோலுக்கடியில் வயர் வைத்து, காரை எலும்புக்குக் கீழே பேட்டரி பொருத்தினார்கள். பிடரி நரம்புக்கு லேசான மின்னோட்டம் அனுப்பி வலியைக் குறைக்கும் கருவி இது. வலி நன்றாகவே குறைந்திருந்தது. கருவி ஓடும்போது உச்சந்தலை வரை ஏறும் குறுகுறுப்பு, கொஞ்ச நாளாக வலப்பக்கம் காணோம். கருவியைப் போட்டால் கழுத்துத் தசை வெட்டி வெட்டி இழுக்கிறது. இடப்பக்கம் பழையபடிதான். தலைவலியும் திரும்பிவிட்டது. பேட்டரி தீர்ந்திருக்குமா? ரிமோட்டில் அளவைக் கூட்டலாமா? கழுத்துக்குப் பிசியோதெரபியில் சூட்டு சிகிச்சை எடுக்கச் சொல்கிறார்கள் வீட்டில்.

தேன்மொழி:
கயல், முதலில் அந்தச் சூட்டு சிகிச்சையை நிறுத்துங்கள். டயாதெர்மி என்ற மின்சூடு உங்களுக்குக் கூடவே கூடாது. உள்ளே இருக்கும் வயர் அந்தச் சக்தியை வாங்கிச் சூடாகி, சுற்றியுள்ள சதையையும் நரம்பையும் கருக்கிவிடும். கருவியை அணைத்து வைத்திருந்தாலும் அதே ஆபத்துதான். பிசியோவிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நான் வலி சிகிச்சைப் பிரிவில் செவிலியர். பேட்டரி தீர்ந்தால் இரு பக்கமும் அடங்கியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் இடம் மாறி, தசையை இழுக்கிறது என்றால் வயர் நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கழுத்து ஓயாமல் அசையும் இடம், அதனால் இது அடிக்கடி வரும் தொல்லை. அளவைக் கூட்டாதீர்கள், இழுப்புதான் கூடும். பொருத்திய மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்து, அறுவை முடிந்ததும் எடுத்த படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வயரில் மின்னோட்டம் வெளிவரும் ஒவ்வொரு முனையின் மின்தடையையும் பார்ப்பார்கள், வயர் அறுந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். தழும்பு சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

சேரன்:
தேன்மொழி அக்கா சொன்னது சரி. மறு அறுவை என்றால் பயந்துவிடாதீர்கள் கயல். இந்தச் சிகிச்சையில் சிக்கல் வந்து மீண்டும் அறுவை தேவைப்படலாம் என்று சிகிச்சைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-லேயே சொல்லியிருக்கிறது. கருவியின் அடையாள அட்டையை எப்போதும் கையில் வைத்திருங்கள், எம்ஆர்ஐ எடுக்கும்முன் காட்ட வேண்டும். பழுது பார்க்க, பேட்டரி மாற்ற யார் பொறுப்பு என்பதையும் கேட்டு வையுங்கள். கொத்துத் தலைவலிக்காக (ஒரு பக்கக் கண்ணைச் சுற்றிக் கடுமையாக வரும் வலி) முகத்துக்குள் வைக்கும் கருவி செய்த ஆட்டோனாமிக் டெக்னாலஜிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2019-ல் மூடப்பட்டது. பொருத்திக்கொண்டவர்கள் உதவிக்கு ஆள் இல்லாமல் தவித்தார்கள். அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது.

கயல்:
அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. எக்ஸ்ரே எடுத்தாயிற்று. வலப்பக்க வயர் கீழே சறுக்கியிருக்கிறது, அறுந்து போகவில்லை. இப்போதைக்கு மேல்முனைகளில் மட்டும் மின்னோட்டம் வரும்படி மாற்றியிருக்கிறார்கள். இழுப்பு நின்றுவிட்டது. குறுகுறுப்பு காதுக்குப் பின்னால் வரை ஏறுகிறது, உச்சிக்கு எட்டவில்லை. தலைவலி நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அதைப் பார்த்துத்தான் மறு அறுவையை முடிவு செய்வாராம். அதில் வேறு என்னென்ன குறிக்கலாம்?

தேன்மொழி:
வலி நாள், எவ்வளவு நேரம் நீடித்தது, கருவியில் வைத்த அளவு, அப்புறம் போட்ட மாத்திரை. டிரிப்டான் வகை ஒற்றைத் தலைவலி மாத்திரை என்றால் தவறாமல் எழுதுங்கள். மாதத்தில் 10 நாள் அல்லது அதற்கு மேல் போட்டுக்கொண்டே இருந்தால் மாத்திரையே தலைவலியைக் கிளப்பும், அப்போது குற்றம் வயரிலா மருந்திலா என்று பிரித்தறிவது கஷ்டம்.