கார்ன் ஸ்நேக் குட்டிகள் இரை எடுக்கவில்லை, உதவி தேவை

கேள்வி (அல்சூர், பெங்களூரு)

வணக்கம். என்னிடம் இருக்கும் கார்ன் ஸ்நேக் என்ற வளர்ப்புப் பாம்பு ஜோடியின் முட்டைகள் பொரிந்து ஏழு குட்டிகள் வந்திருக்கின்றன. முதல் சட்டையை எல்லாமே உரித்துவிட்டன. நான்கு குட்டிகள் பிங்கியை, அதாவது மயிர் முளைக்காத சுண்டெலிக் குட்டியை, உடனே எடுத்துக்கொண்டன. மீதி மூன்றும் தொடக்கூட இல்லை. இடுக்கியில் பிடித்து முன்னால் ஆட்டினால் தலையைப் பின்னுக்கு இழுத்து, வாலைப் படபடவென்று அடிக்கின்றன. மூன்றும் ஒரே பெரிய கண்ணாடித் தொட்டியில்தான் இருக்கின்றன. மெலிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா?

பதில் (சிவாஜிநகர்)

ஊட்ட வேண்டாம் தம்பி. பொரிந்து வந்த குட்டியின் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும், கொஞ்ச நாள் அதில் தாக்குப்பிடிக்கும். வாலை அடிப்பது பயத்தால். அந்த நேரத்தில் இரையை நீட்டினால் இன்னும் பயப்படும்.

முதலில் சூட்டைப் பாருங்கள். டிசம்பர் ராத்திரியில் பெங்களூரு 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. குளிர்ந்த பாம்புக்குப் பசி எடுக்காது, தின்றாலும் செரிக்காமல் கக்கிவிடும். டப்பாவின் ஒரு பக்கம் 28 முதல் 30 டிகிரி, மறுபக்கம் 22 முதல் 24 இருக்கட்டும். ஹீட் மேட்டுக்கு, அதாவது டப்பாவுக்கு அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்புக்கு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். அது இல்லாவிட்டால் மேட் அளவுக்கு மீறிச் சூடாகி வயிற்றுத் தோல் வெந்துவிடும். அறையின் சூட்டை நம்ப வேண்டாம், குட்டி படுக்கும் தரையில் அளந்து பாருங்கள்.

அப்புறம், மூன்றையும் இன்றைக்கே பிரித்துவிடுங்கள். ஒரே இரையை இரண்டு பக்கமும் கவ்வினால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். செருப்புப் பெட்டி அளவு பிளாஸ்டிக் டப்பா, காற்றோட்டத் துளைகள், டிஷ்யூ பேப்பர், இரண்டு ஒளிவிடம், தண்ணீர்க் கிண்ணம் போதும். பெரிய தொட்டியில் குட்டிக்கு ஒளிந்த நிம்மதி கிடைக்காது. ஐந்து நாள் கையில் எடுக்காமல் விட்டுவிடுங்கள்.

உறைந்த பிங்கியாக இருந்தால் ஃப்ரிட்ஜில் உருகவிட்டு, பையோடு வெந்நீரில் வைத்து 37, 38 டிகிரிக்குக் கொண்டுவந்து துடைத்துக் கொடுங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது. இடுக்கிக்குப் பயந்தால், துளையிட்ட சின்ன டப்பாவில் குட்டியையும் பிங்கியையும் போட்டு இருட்டில் ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் மிச்சமிருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு முயற்சிக்கும் அடுத்ததுக்கும் ஐந்து நாள் இடைவெளி வேண்டும்.

பதில் (மல்லேஸ்வரம்)

அண்ணா சொன்னதோடு வாசனையையும் பாருங்கள். கார்ன் ஸ்நேக்கின் சொந்த ஊர் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. காட்டில் அதன் குட்டி சிறு பல்லிகளையும் மரத் தவளைகளையும் தின்று வளரும். அதனால் சில குட்டிகளுக்கு எலி வாசனை இரை வாசனையாகவே படாது. பிங்கியை வாசனையில்லாத சோப்பில் கழுவி, நன்றாக அலசிக் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் தலைத் தோலைக் கீறி மூளைச் சாறு வெளியே தெரியும்படி வையுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் பிடிவாதக் குட்டிகள் பலவும் இதற்குத்தான் வாயைத் திறக்கும்.

பல்லி வாசனைக்காகச் சுவர்ப் பல்லியைப் பிடித்துப் பிங்கியில் தேய்க்காதீர்கள், குடற்புழு ஒட்டிக்கொள்ளும். யாராவது லெபர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லியை வைத்திருந்தால், அது உரித்த தோலில் ஒரு துண்டு வாங்கிப் பிங்கியின் மூக்கில் ஒட்டிப் பாருங்கள்.

கேள்வி (ஜெயநகர்)

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் பக்கத்துக் காலி மனையில் பாம்பு முட்டைகள் கிடக்கின்றன. எடுத்துப் பொரிக்க வைக்கலாமா?

பதில் (சிவாஜிநகர்)

வேண்டாம் சார். நம்ம நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

மறுமொழி (அல்சூர்)

பிரித்து, சூட்டைச் சரிசெய்ததும் ஒரு குட்டி ராத்திரியில் தானாகவே எடுத்துவிட்டது! இன்னொன்று கழுவிய பிங்கியை எடுத்தது. ரொம்ப நன்றி அண்ணா, நன்றி அக்கா. கடைசிக் குட்டி மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது.

பதில் (மல்லேஸ்வரம்)

நல்ல செய்தி. தின்ற இரண்டையும் 48 மணி நேரம் தொடாதீர்கள். அடுத்த இரை ஐந்து முதல் ஏழு நாளில், அதே அளவு, அதே முறையில்.

மூன்றாவதைக் கிராம் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். எடை நின்றபடி இருந்தால் காத்திருக்கலாம். இறங்கிக்கொண்டே போனாலோ, முதுகெலும்பு கூராகத் தெரிந்தாலோ, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஊட்டுவதானால் அவர் முன்னால், அவர் கைப்பட.