128 பிட் டபிள்யூ.இ.பி.: சாவியை வாரந்தோறும் மாற்றினால் போதுமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் கிடங்கிலுள்ள பழைய பார்கோடு கருவிகள் டபிள்யூ.இ.பி. என்னும் பழைய வைஃபை குறியாக்கத்தைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. ஆகவே ரவுட்டரை 128 பிட் டபிள்யூ.இ.பி.யிலேயே வைத்து, சாவியை வாரம் ஒருமுறை மாற்றுகிறேன். வைஃபையின் பெயரையும் மறைத்திருக்கிறேன். இவ்வளவு நீளமான சாவியை ஒரு வாரத்துக்குள் யாரேனும் கண்டுபிடிக்க முடியுமா?

மறுமொழி 1:
சில நிமிடங்களே போதும். நீங்கள் சொல்லும் 128 பிட்டில் 24 பிட், ஒவ்வொரு பாக்கெட்டுடனும் (தரவுத் துண்டுடனும்) மறைப்பின்றிச் செல்லும் தொடக்க எண். ரகசியம் 104 பிட் மட்டுமே. (128 என்று விளம்பரப்படுத்தியதை வியாபாரக் கணக்கு என்றே சொல்வேன்.) அந்த எண்ணையும் ரகசியச் சாவியையும் அப்படியே ஒட்டி ஆர்.சி.4 என்னும் குறியாக்க முறைக்குக் கொடுப்பதால், வெளிவரும் பைட்டுகளில் சாவி கசிகிறது என்பதை ஃப்ளூரர், மான்டின், ஷமிர் என்னும் குறியாக்க ஆய்வாளர்கள் மூவரும் 2001-இல் காட்டினார்கள். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைக் கூராக்கி, ஏறத்தாழ 40,000 பாக்கெட்டுகள் கிடைத்தால் பாதிக்குப் பாதி வாய்ப்புடன் சாவியை மீட்கலாம் என்று நிறுவினார்கள். கிடங்கில் போக்குவரத்து குறைவு என்பதும் காப்பாற்றாது. காற்றில் பிடித்த ஏ.ஆர்.பி. கோரிக்கை (வலையிலுள்ள கருவியின் முகவரியைக் கேட்கும் செய்தி) ஒன்றை, சாவி தெரியாமலேயே திரும்பத் திரும்ப அனுப்பினால், புதுப்புதுத் தொடக்க எண்களுடன் பாக்கெட்டுகள் வந்து குவியும்.

மறுமொழி 2:
பெயரை மறைப்பதால் பயனில்லை. கருவி இணையும்போது அதுவே பெயரைச் சொல்லிவிடும். நான் அதிகம் அஞ்சுவது வேறொன்றை. டபிள்யூ.இ.பி. செய்தியின் நேர்மையைச் சரிபார்க்க சி.ஆர்.சி.-32 என்னும் கணக்கை மட்டுமே நம்புகிறது. அது நேரியல் தன்மை கொண்டது, அதாவது எந்தப் பிட் மாறினால் விடை எப்படி மாறும் என்று முன்பே கணக்கிடலாம். ஆகையால், மறையாக்கிய செய்தியில் சில பிட்டுகளைப் புரட்டி, அதற்கேற்பச் சரிபார்ப்பு எண்ணையும் திருத்திவிடலாம். உங்கள் இருப்புக் கணக்கின் எண்களே மாறக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஆனால் எல்லாக் கருவிகளையும் இப்போதே மாற்ற நிதி இல்லை.

மறுமொழி 1:
அப்படியானால் அவற்றுக்கென்று தனி ரவுட்டர் வைத்து, அந்த வலையைத் திறந்த வலையாகவே கருதுங்கள். அங்கிருந்து இருப்புச் சேவையகத்தின் ஒரே ஒரு போர்ட்டுக்கு (இணைப்பு வாயிலுக்கு) மட்டும் ஃபயர்வால் என்னும் தடுப்பு வழிவிடட்டும். மறுமொழி 2 சொன்ன ஆபத்து இதனால் தீராது. ஆகவே இருப்பை அவ்வப்போது கையால் எண்ணிப் பாருங்கள். மற்றக் கணினிகள் வேறொரு ரவுட்டரில், ஏ.இ.எஸ். குறியாக்கத்துடன் டபிள்யூ.பி.ஏ.2 என்னும் பிந்தைய வைஃபை பாதுகாப்பு முறைக்கு மாறட்டும். அந்த ரவுட்டரில் டபிள்யூ.பி.எஸ். பின் வசதியை (8 இலக்க எண்ணைக் கொடுத்துக் கருவியை எளிதில் இணைக்கும் வசதியை) அணைத்துவிடுங்கள்: 8 இலக்கங்களில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு உரியது, முதல் நான்கும் அடுத்த மூன்றும் தனித்தனியே சோதிக்கப்படுகின்றன, ஆகவே அதிகபட்சம் 10,000 + 1,000 = 11,000 முயற்சிகளில் அது திறந்துவிடும்.