ட்ரைசால் க்ளவுஸ் மேல பட்டுச்சு, எரியல, ஆனா விரல் வெள்ளையாயிடுச்சு

லேப்ல புதுசு நான். ஆர்என்ஏ எடுக்கும்போது நேத்து ட்ரைசால் (செல்லுல இருந்து ஆர்என்ஏவ பிரிக்கிற ரசாயனக் கரைசல்) ஒரு துளி க்ளவுஸ் மேல தெறிச்சுது, எரிச்சல் எதுவும் இல்லாததால வேலைய முடிச்சுட்டு அரை மணி கழிச்சு கழட்டினா விரல் நுனி வெளுத்துப்போய் மரத்த மாதிரி இருக்கு. பயப்படணுமா? அப்புறம் மிச்சத்துல ப்ளீச் ஊத்தி சிங்க்ல விட்டுடலாமா?

பதில் 1:
முதல்ல இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, பாட்டிலோட சேஃப்டி டேட்டா ஷீட்டையும் கொண்டுபோங்க. ட்ரைசால்ல இருக்குற ஃபீனால் நரம்பையே மரத்துப்போக வைக்கும், அதனாலதான் வலி தெரியல. வெள்ளையானா சுட்டுடுச்சுன்னு அர்த்தம். இனிமே பட்டா க்ளவுஸ உடனே கழட்டி குறைஞ்சது 15 நிமிஷம் தண்ணிய நல்லா ஓடவிட்டு கழுவுங்க, பாலிஎத்திலீன் கிளைக்கால் 300 இல்ல 400 லேப்ல இருந்தா அதால துடைக்கலாம், ஆனா அதைத் தேடிக்கிட்டு நேரத்த விட்டுடாதீங்க.

பதில் 2:
ப்ளீச் வேண்டவே வேண்டாம்!! ட்ரைசால்ல குவானிடின் தயோசயனேட் இருக்கு, ப்ளீச் சேர்ந்தா விஷ வாயு வரும். லேபிள் ஒட்டின வேஸ்ட் பாட்டில்ல ஊத்தி ஃப்யூம் ஹூட்லயே (விஷப் புகைய வெளிய இழுக்குற பெட்டி) மூடி வைங்க.

பதில் 3:
குளோரோஃபார்ம் சேர்க்குற ஸ்டெப்ல இன்னும் கவனம், மெல்லிசு நைட்ரைல் க்ளவுஸ்ல சில நிமிஷத்துலயே ஊடுருவிடும். நான் ரெண்டு க்ளவுஸ் போட்டுக்குவேன், தெறிச்ச உடனே மேல இருக்குறத மாத்திடுவேன். எனக்கு ஒருதடவை கோட் கைக்கும் க்ளவுஸுக்கும் நடுவுல மணிக்கட்டுல பட்டுச்சு, அந்தத் தழும்பு இன்னும் போகல.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, இப்பவே கிளம்புறேன்.