மினிடிவி டேப்பில் இன், அவுட் குறித்தாலும் வேறு இடம் கேப்சர் ஆகிறது, ஏன்?

கேள்வி

வணக்கம். 2005-இல் தாத்தாவின் சதாபிஷேகத்தை மாமா மினிடிவி (MiniDV, சின்ன டிஜிட்டல் வீடியோ கேசட்) கேமராவில் எடுத்தார், மூன்று டேப். தாத்தா, பாட்டி இரண்டு பேரும் இப்போது இல்லை. அவர்கள் குரல் எங்களிடம் மிச்சம் இருப்பது இந்த டேப்பில்தான். கேமரா நன்றாக ஓடுகிறது. பழைய டெஸ்க்டாப்பில் கேமராவை இணைக்க ஃபயர்வயர் கார்டு போட்டு, பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் வேண்டிய இடங்களுக்கெல்லாம் இன், அவுட் (தொடக்கம், முடிவு) குறித்து பேட்ச் கேப்சர் (குறித்ததையெல்லாம் மென்பொருளே வரிசையாகக் கணினியில் எடுப்பது) கொடுத்தேன். முதல் டேப் பரவாயில்லை. இரண்டாவதில் கலசத் தண்ணீர் ஊற்றுகிற இடத்தைக் குறித்தால் பந்திக் காட்சி வருகிறது. சில கிளிப்புக்குக் கேமரா முன்னும் பின்னும் ஓடித் தேடிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. பாட்டி பேச ஆரம்பிக்கிற இடத்தில் சரியாக இன் வைத்தும் முதல் வார்த்தை பாதியிலிருந்துதான் கேட்கிறது. எங்கே தவறு?

பதில் 1

உங்கள் இரண்டாவது டேப்பில் டைம்கோடு (படத்தோடு டேப்பில் பதிவாகிற நேர எண்) அறுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். டேப்பை ஓட்டி, படத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பாருங்கள். 00:23:41 என்று ஏறிக்கொண்டே போனது, நடுவில் கொஞ்சம் வெற்று டேப் வந்து, மறுபடி 00:00:00 என்று ஆரம்பிக்கும். மாமா நடுவில் எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி ரெக்கார்டு அழுத்தியிருப்பார், பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். டேப்பில் முன்பு எழுதிய எண் எதுவும் கிடைக்காவிட்டால் கேமரா பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும். அப்போது ஒரே டேப்பில் 00:04:12 இரண்டு இடத்தில் இருக்கும், மென்பொருளுக்குத் தெரிவது எண் மட்டும்தான், எந்த 00:04:12 என்று அதற்குத் தெரியாது.

அறுந்த இடத்துக்கு முன்னால் இருப்பதை "2அ", பின்னால் இருப்பதை "2ஆ" என்று தனித்தனி டேப் போலப் பெயர் கொடுத்துக் குறியுங்கள். 2ஆ எடுக்கும்போது முதலில் நீங்களே டேப்பை அந்தப் பகுதிக்குள் ஓட்டி நிறுத்திவிட வேண்டும்.

இன்னொன்று ப்ரீரோல். இன் வைத்த இடத்துக்குச் சில செகண்டு பின்னால் போய், அங்கிருந்து ஓடி வேகம் பிடித்த பிறகுதான் கேமரா கேப்சருக்குத் தயாராகும். இன் 00:00:02-இல் இருந்தால் பின்னால் போக இடமே இல்லை, அதனால்தான் நின்றுவிடுகிறது. அந்த மாதிரி இடங்களுக்குக் குறியே வேண்டாம், முன்னாலிருந்து கையால் ஓடவிட்டு ரெக்கார்டு அழுத்துங்கள்.

பாட்டியின் முதல் வார்த்தை போனதற்குக் காரணம், ஓடுகிற டேப்பில் காது கேட்ட பிறகு விரல் அழுத்துகிறது, அதோடு ஃபயர்வயர் வழியாகக் கேமராவை ஓட்டும்போது ஃப்ரேம் (வீடியோவின் ஒரு தனிப் படம்) கணக்கில் துல்லியம் கிடைக்காது. கேப்சர் பேனலில் ஹேண்டில்ஸ் என்று ஒன்று உண்டு, அதில் 50 போடுங்கள். நம்மூர் வீடியோ முறையான பால் (PAL) கேமராவில் செகண்டுக்கு 25 ஃப்ரேம் என்பதால் இரண்டு பக்கமும் இரண்டு செகண்டு கூடுதலாக வரும்.

பதில் 2

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் இந்த டேப்புக்கு நான் இன் அவுட்டே வைக்க மாட்டேன். ஹார்டு டிஸ்க் விலை அதிகமாக இருந்த காலத்தில் வேண்டியதை மட்டும் எடுத்தோம், அப்போது அதில் அர்த்தம் இருந்தது. இருபது வருஷப் பழைய டேப்பை ஒவ்வொரு கிளிப்புக்கும் முன்னும் பின்னும் இழுத்தால் தேய்வது டேப்பும் அதைப் படிக்கிற ஹெட்டும்தான். ஒரு முறை கடைசி வரை வேகமாக ஓட்டி, திரும்பச் சுற்றி, பிறகு ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் எடுத்துவிடுங்கள். வெட்டுவதைக் கணினியில் நிதானமாக வெட்டலாம். டிவி (DV, மினிடிவி டேப்பின் வீடியோ வடிவம்) ஃபைலில் படம் எடுத்த தேதி, நேரமும் சேர்ந்தே பதிவாகியிருக்கும் (கேமராவில் கடிகாரம் சரியாக வைத்திருந்தால்). வின்டிவி (WinDV) என்ற கேப்சர் மென்பொருள் அந்த நேரம் தாவுகிற இடத்தில் ஃபைலைத் தானே பிரித்துத் தரும், டைம்கோடு பூஜ்யத்துக்குப் போனாலும் அதற்குக் கவலை இல்லை.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா. முழு டேப்பாக எடுக்கப் பார்த்தேன், வெளி டிஸ்க்கில் 19, 20 நிமிஷத்தோடு நின்றுவிடுகிறது. இடம் நிறைய இருக்கிறது.

பதில் 1

டிஸ்க் ஃபேட்32-ஆக (ஃபைல்களைச் சேமிக்கும் ஒரு பழைய முறை) இருக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. டிவி (DV) வீடியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு என்டிஎஃப்எஸ் (NTFS) என்ற வேறு முறைக்கு ஃபார்மட் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்

செய்தேன், இரண்டாவது டேப் முழுதும் வந்துவிட்டது. எண் 31-ஆவது நிமிஷத்தில் பூஜ்யமாகிறது, நீங்கள் சொன்னது போலவே. பாட்டி பேசுவதற்கு முன் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மாமாவைப் பார்த்து "ஓடுதாடா?" என்று கேட்கிறார். நான் இன் வைத்திருந்தது அதற்கு நாலு செகண்டு தள்ளி. மூன்றாவது டேப்பை ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.