கடற்படைக்கு வானிலைக் கணிப்பு ஆயுதமா, வெறும் துணையா?

கச்சான்:
போர்க்கப்பல் என்றாலே ஏவுகணை எத்தனை, எடை எத்தனை டன் என்றுதான் பேச்சு ஓடுகிறது. கடற்படையின் கூர்மையான ஆயுதம் வானிலை, கடல்நிலைக் கணிப்புதான் என்பது என் வாதம். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டி கரையில் 1944 ஜூன் 5 அன்று இறங்குவதாக இருந்தது. அன்று காற்றும் மேகமும் இடம் கொடுக்காது என்று தலைமை வானிலையாளர் ஜேம்ஸ் ஸ்டாக் சொன்னார். தலைமைத் தளபதி ஐசனோவர் ஒரு நாள் தள்ளிவைத்தார். 6ஆம் தேதி சிறிது நேரம் காற்று தணியும் என்று ஸ்டாக் சொன்னதை நம்பித்தான் கப்பல்கள் கிளம்பின. அதைத் தவறவிட்டிருந்தால், ஓதமும் (கடல்மட்ட ஏற்ற இறக்கம்) விடியலும் மறுபடி பொருந்த ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகியிருக்கும். அந்தச் சமயத்தில், ஜூன் 19 அன்று வீசத் தொடங்கிய புயல் ஓமஹா கரையின் செயற்கைத் துறைமுகத்தையே நொறுக்கிவிட்டது. எந்தப் பீரங்கி இதைச் செய்திருக்கும்?

சுக்கான்:
நார்மண்டியை எடுத்துக்காட்டுவது எளிது, அங்கே கணிப்பு பலித்தது. அதே ஆண்டு டிசம்பரையும் பாருங்கள். பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே அமெரிக்க அட்மிரல் ஹால்சியின் மூன்றாவது கடற்படை. கொடிக்கப்பலிலேயே வானிலை அதிகாரி இருந்தார், வரைபடமும் இருந்தது. ஆனால் புயல் எங்கே இருக்கிறது என்பதிலேயே கணக்கு தப்பியது. 17ஆம் தேதி எரிபொருள் நிரப்ப முயன்று கைவிட்டார்கள். 18ஆம் தேதி கடற்படையே புயலுக்குள் சிக்கியது. ஹல், ஸ்பென்ஸ், மோனகன் என்று மூன்று நாசகாரிக் கப்பல்கள் கவிழ்ந்தன. ஏறக்குறைய 790 பேர் மாண்டார்கள். எரிபொருள் தீர்ந்துபோய்த் தொட்டிகள் காலியாகக் கிடந்த ஸ்பென்ஸுக்கு அலையைத் தாங்கும் எடையே இல்லை.

1945 பிப்ரவரியில் அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸ் தம் கப்பல்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். வெளியிலிருந்து வரும் எச்சரிக்கையையே நம்பி இருக்காதீர்கள், கப்பலைக் காக்க வேண்டியதைக் காக்க முடிகிற நேரத்திலேயே செய்துவிடுங்கள் என்பது அதன் சாரம். நானும் அதையேதான் சொல்கிறேன். திரையில் வரைபடம் வந்துவிட்டால் காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டரைப் பார்க்கும் கண் மங்கிவிடுகிறது.

கச்சான்:
அங்கே குறை கணிப்பில் இல்லை, தரவில். செயற்கைக்கோளே இல்லாத காலம் அது; பசிபிக்கில் எதிரியின் வசமிருந்த பரப்பிலிருந்து ஓர் அளவீடும் வராது. இன்று புயலைக் கருவிலேயே பார்க்கிறோம். 2018 செப்டம்பரில் ஃப்ளோரன்ஸ் புயல் கரை தொடுவதற்கு நாட்கள் முன்னதாகவே அமெரிக்காவின் நார்ஃபோக் கடற்படைத் தளத்திலிருந்து 30 கப்பல்கள் வரை கடலுக்கு அனுப்பப்பட்டன. துறைமுகச் சுவரில் மோதிக்கொண்டு நிற்பதைவிடத் திறந்த கடலில் விலகி ஓடுவது மேல். எந்தப் பக்கம் ஓடுவது என்று பாரோமீட்டர் மட்டும் சொல்லிவிடுமா?

சுக்கான்:
தரவு மட்டுமே குறை என்றால், 1945 ஜூனில் அதே ஹால்சி மறுபடி புயலில் சிக்கியது ஏன்? முந்தைய அனுபவத்துக்குப் பிறகு வானிலை ஏற்பாடுகளைப் பலப்படுத்தியிருந்தார்கள். ஆனாலும் பிட்ஸ்பர்க் என்ற பெரிய குரூசரின் முன்பகுதியே பிய்ந்து போனது. தகவல் இருப்பது வேறு, அது முடிவாக மாறுவது வேறு.

ஆழ்நீர்:
இருவரும் நீருக்கு மேலேயே நிற்கிறீர்கள். கணிப்பின் பெரும்பங்கு வேலை நீருக்கு அடியில் நடக்கிறது.

1930களில் அமெரிக்கக் கடற்படையின் சோனார் (ஒலியால் நீர்மூழ்கியைத் தேடும் கருவி) காலையில் நன்றாகக் கேட்கும், பிற்பகலில் செவிடாகிவிடும். முதலில் சந்தேகம் இயக்குபவர்கள் மேல்தான் போனது. காரணம் வெயில். ஒலி நீரில் விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும். வெப்பம் கூடினால் வேகமும் கூடும், வேகம் குறைந்த பக்கமாக ஒலி வளையும். பிற்பகலில் மேற்பரப்பு ஓரிரு டிகிரி சூடானாலே போதும், ஒலிக்கற்றை கீழ்நோக்கி வளைந்துவிடும். சற்று தூரத்தில் மேலாக இருக்கும் நீர்மூழ்கி அதற்கு எட்டாது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஸ்பில்ஹாஸ் உருவாக்கிய பாதிதெர்மோகிராஃப் கருவி ஆழத்தோடு வெப்பத்தைப் பதிவு செய்தது. அதன்பின் கடலை அடுக்கடுக்காகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

சூடான மேல் அடுக்குக்குச் சற்றுக் கீழே ஒலி எட்டாத நிழல் ஒன்று விழும். நீர்மூழ்கித் தளபதி தேடுவது அந்த நிழலை. அவரைத் துரத்துபவருக்கும் அதே அடுக்கின் ஆழம்தான் வேண்டும், சோனாரை எந்த ஆழத்துக்கு இறக்குவது என்று முடிவு செய்ய. நேற்றிரவு அடித்த பலத்த காற்று அந்த அடுக்கைக் கலக்கி ஆழப்படுத்தியிருக்கலாம். சுக்கான் ஐயா, எத்தனை அனுபவமுள்ள மாலுமியின் கண்ணுக்கும் இது தெரியாது. மேலே தெரிவது வெறும் நீலம்.

முகத்துவாரம்:
எனக்கு ஒரு மறுப்பு. ஆர்கோ மிதவைகள் 4,000 வரை உலகக் கடல்களில் மிதக்கின்றன. 2,000 மீட்டர் ஆழம் வரை அளந்து தரவைப் பொதுவில் போடுகின்றன. எதிரிக்கும் அதே தரவு. இருவருக்கும் கிடைப்பது எப்படி ஆயுதமாகும்?

ஆழ்நீர்:
ஒரு மிதவை ஏறக்குறைய 10 நாளுக்கு ஒரு முறைதான் மேலே வரும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 300 கிலோமீட்டர். கடலின் சுழல்களும் வெந்நீர், குளிர்நீர் எல்லைகளும் பெரும்பாலும் அதைவிடச் சிறியவை, இந்த வலையின் கண்ணுக்குள் நழுவிவிடும். அதனால்தான் கப்பல்கள் சொந்தமாக வெப்பமானியைக் கம்பியில் கட்டிக் கடலுக்குள் விடுகின்றன. கணினி மாதிரிக் கணக்கோடு அந்த அளவையும், தன் சோனாரின் அதிர்வெண்ணையும் ஆழத்தையும் சேர்த்தால் 'இன்று நம் காது இவ்வளவு தூரம்' என்று வரும். அந்த விடை பொதுவில் கிடைக்காது.

பாய்மரம்:
கணிப்பின் தரத்தைப் பற்றியே பேசுகிறோம், அது யார் காதுக்குப் போனது என்று கேட்கவில்லை. 1943 நவம்பர் 20, பசிபிக்கில் ஜப்பானியர் வசமிருந்த தராவாவில் அமெரிக்கப் படை இறங்கிய நாள். அரைநிலா, அதுவும் நிலா தொலைவில் இருந்த சமயம். ஓதம் போதிய அளவு எழும்பவில்லை. அந்தத் தீவுகளை அறிந்த ஓர் அதிகாரி முன்பே எச்சரித்திருந்தார். படகுகள் பவளப்பாறையில் தட்டி நின்றன, வீரர்கள் குண்டுமழையில் நீரில் நடந்து போனார்கள். 1980 ஏப்ரலில் நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து அமெரிக்கப் பிணைக்கைதிகளை மீட்க ஈரானுக்குப் புறப்பட்ட 8 ஹெலிகாப்டர்கள் தூசுமேகத்துக்குள் நுழைந்தன. பணிக்கு 6 தேவை, கடைசியில் தேறியவை 5. வானிலையாளர்களும் விமானிகளும் நேரில் பேசிக்கொள்ளவே இல்லை என்பதைப் பின்னர் விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. தூசுமேகத் தகவல் திட்ட ஆவணத்தின் பின்னிணைப்பில் கிடந்ததாம். நெஞ்சு பதறுகிறது.

கச்சான்:
பாய்மரம் சொல்வது என் வாதத்துக்குத்தான் வலு. ஸ்டாக்கிடம் மூன்று கணிப்புக் குழுக்கள் இருந்தன, தங்களுக்குள் ஒத்துப்போகாதவை. அவர் அந்தச் சண்டையைத் தன்னோடு வைத்துக்கொண்டு, தளபதி முகத்தைப் பார்த்து ஒரே விடை சொன்னார். அறைக்குள் அவருக்கு இடம் இருந்தது. ஆயுதத்துக்குத் தரும் இடத்தைக் கணிப்புக்கும் கொடுங்கள் என்கிறேன்.

சுக்கான்:
இடம் கொடுங்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆயுதம் என்று சொல்லாதீர்கள். அறிக்கையில் 'அலை உயரம் 4 மீட்டர்' என்று வரும். அது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. அதே கடலில் 8 மீட்டர் அலை ஒன்று எழலாம். ஹெலிகாப்டரை இறக்குபவர் 4 என்ற எண்ணைப் பார்த்து முடிவெடுத்தால் தளத்தில் நிற்பவர் உயிர் போகும். என் கோரிக்கை இரண்டுதான்: அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எதிர்பார்க்கக்கூடிய பெரிய அலையையும் எழுதுங்கள். கப்பலில் மணிக்கு ஒரு முறை காற்றையும் அழுத்தத்தையும் அலையையும் கண்ணால் பார்த்துப் பதியும் வழக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். அந்தப் பதிவு கரைக்கும் போகட்டும். ஆழ்நீர் சொல்லும் மாதிரிக் கணக்குக்கும் அது தீனிதான்.