கத்தரிக்காய்க் குழம்பும் 40 என்ற எண்ணும்

கொழிஞ்சாம்பாறை அம்மா:

என் மகனுக்கு 11 வயது, ஃபிராஜைல் எக்ஸ் என்ற மரபணுக் குறைபாடு. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக அறிவுத்திறன் சோதனைக்கு அழைத்துப் போனோம். பாலக்காடு மாவட்டம் என்றாலும் எங்களுக்கு வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ்தான். சோதித்தவருக்கோ மலையாளம் மட்டுமே. படத்தாளை நீட்டி, "கத்ரிக எவிடெ?" என்றார். மலையாளத்தில் அது கத்தரிக்கோல். இவன் முகம் மலர்ந்து "குழம்பு" என்றான். கத்தரிக்காய்க் குழம்பு அவனுக்கு உயிர். அதைச் சொல்ல வாயெடுத்தேன். குறுக்கே பேசக்கூடாது என்றுவிட்டார்.

நேருக்கு நேர் முகம் பார்த்தால் இந்தக் குறைபாடுள்ள பிள்ளைகள் பலர் பதறிவிடுவார்கள். அவன் கையால் கண்ணை மூடிக்கொண்டான். "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினார்கள்.

பிறகு எல்லை தாண்டிக் கோவையில் தமிழ் பேசும் ஓர் உளவியலாளர். பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடியே கேட்டார். நடுவில் இரண்டு தடவை உலாவ விட்டார். மதிப்பெண் 40. அவர் வைத்த, குழந்தைகளுக்கான வெக்ஸ்லர் அறிவுத்திறன் சோதனையில் மொத்த மதிப்பெண் அதற்குக் கீழே இறங்காதாம். பேசும் பிள்ளைக்கும் பேசாத பிள்ளைக்கும் அதே 40 விழலாம். அதனால் எண்ணைத் தள்ளிவைத்துவிட்டு, எவற்றுக்குச் சரியாகப் பதில் சொன்னான் என்று தனியே எழுதித் தந்தார். டீச்சரிடம் அந்தத் தாளைத்தான் கொடுத்திருக்கிறேன்.

மூணாறு தம்பி:

அக்கா, எங்கள் வீட்டில் என் கூடப்பிறந்தவளுக்கு டவுன் சிண்ட்ரோம், 37 வயது. தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள். சிறுவயதில் ஒவ்வொரு சோதனையிலும் ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் மதிப்பெண், இறங்கியது. படித்ததை மறக்கிறாளோ என்று அப்பா கலங்கினார். அது சம வயதினரோடு ஒப்பிட்டுப் போடும் எண். இவள் கற்றுக்கொண்டே வந்தாலும் மற்றவர்கள் வேகமாக ஓடினால் இறங்கத்தான் செய்யும். அன்று எங்களுக்கு யாரும் விளக்கவில்லை.

இப்போது கவலை வேறு. டவுன் சிண்ட்ரோமில் 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதால், மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கான மரபணுவும் ஒன்று கூடுதல். 40 வயதுக்கு மேல் அல்சைமர் என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே நன்றாக இருக்கும்போதே அவளால் முடிவதையெல்லாம் பதிந்து வைத்தோம். பிற்பாடு அவளை அவளோடுதானே ஒப்பிட வேண்டும்? போன மாதம் சற்றுத் தடுமாறினாள், பயந்துவிட்டோம். முதலில் காதையும் தைராய்டையும் பாருங்கள் என்றார் டாக்டர். தைராய்டுதான்.

கொழிஞ்சாம்பாறை அம்மா:

அந்தப் பதிவில் என்னென்ன எழுதினீர்கள் தம்பி?

மூணாறு தம்பி:

ஆறு பேருக்குத் தட்டு எண்ணி வைப்பாள். கொழுந்து எடை போடும் நேரம் தெரியும். ரிமோட்டை ஒளித்த இடத்தை மட்டும் சொல்லமாட்டாள். அது மறதி அன்று என்றும் எழுதியிருக்கிறேன்.